பதினொரு சேட்டும் ஒரு துவாயும்: ஒரு கட்டியின் வரலாறு

கடந்த சோளகக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கற்பிட்டிக் குடாநாட்டில் நான் பிறந்து வளர்ந்த கிராமத்தின் மைதானத்தோரம் நின்று உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானம் என்று மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். கடல் மணலும் கிளிஞ்சல் துண்டுகளும் கலந்த வெட்டவெளி அது. அங்கு சறுக்கி விழுந்து எழுபவனின் முழங்காலை அரத்தால் தேய்த்தது போலிருக்கும்.

இடைவேளையில் பையன்கள் தென்னை நிழலில் வந்து குந்தினார்கள். பதினாறு வயது மதிக்கத்தக்க ஒருவனின் தொடையில், மயிர்க்கால்களைச் சுற்றி ஏழெட்டுச் சிவந்த கொப்புளங்கள். அவற்றுள் இரண்டு மஞ்சள் முனை கண்டிருந்தன.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"சூட்டுக் கட்டி மாமா. ரெண்டு இளநி குடிச்சாப் போயிரும்" என்று சிரித்தவன், கையிலிருந்த துவாயால் முகத்தையும் தொடையையும் துடைத்துவிட்டு அதை அடுத்தவனிடம் எறிந்தான். அவன் துடைத்துவிட்டு இன்னொருவனிடம் கொடுத்தான். நடுவரின் விசில் ஒலிப்பதற்குள் அந்தத் துவாய் நான்கு பேரிடம் போய்வந்துவிட்டது. ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் என் மனம் ஈடுபடவில்லை. அந்தத் துவாய் என்னை 1988ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

இரண்டு வரிச் செய்தி

நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம் அது. உயர்தரப் பரீட்சையில் தேறி அனுமதிக்காகக் காத்திருந்த நான், பொழுதுபோக்காகக் கொழும்புத் தமிழ் நாளேடொன்றுக்கு ஊர்ச் செய்திகளும் விளையாட்டுக் குறிப்புகளும் எழுதியனுப்பத் தொடங்கியிருந்தேன். மாலையில் பந்து விளையாடுவேன். இரவில் அதைப் பற்றியே எழுதுவேன்.

எங்கள் கழகத்திடம் பதினொரு சேட்டுகள் மட்டுமே இருந்தன. காலையில் இரண்டாம் அணி விளையாடிக் கழற்றிப் போட்டவற்றை வேலியில் உலரவிட்டு, மாலையில் முதலாம் அணி அணியும். துவைப்பது வாரத்துக்கொரு முறை. முழங்காற் பட்டி இரண்டு, துவாய் ஒன்று, முக்கியமான போட்டிக்கு முன் எல்லோரும் முகம் மழித்துக்கொள்ள ஒரு சவரக்கத்தி. ஒற்றுமையின் அடையாளமாகவே அன்று இவற்றைப் பார்த்தோம்.

எங்கள் பின்கள வீரன் ஒருவனுக்கு, முழங்காற் பட்டி உராயும் இடத்தில் ஒரு கட்டி புறப்பட்டது. அவனுக்குப் பதினேழு வயது. சூடு என்றார்கள். அதை அழுத்திச் சீழ் எடுத்தவர்களில் நானும் ஒருவன். கடையில் உதிரியாக வாங்கிய மாத்திரைகளில் நான்கை விழுங்கினான். கட்டி உடைந்து காய்ந்தது. மிச்ச மாத்திரைகள் சட்டைப்பையிலேயே கிடந்து கரைந்தன. அரையிறுதிப் போட்டியில் அவன் ஆடவில்லை. 'சிறு கட்டி காரணமாக' அவன் பங்கேற்கவில்லை என்று நான் எழுதிய இரண்டு வரிகள் பத்திரிகையில் வெளிவந்தன. தன் பெயரை அச்சில் பார்த்த மகிழ்ச்சியில் அந்தத் துண்டை அவன் கத்தரித்து வைத்துக்கொண்டான்.

மூன்று வாரங்களின் பின் கடுங்காய்ச்சலும் தொடையெலும்பின் கீழ்ப்பகுதியில் பொறுக்க முடியாத வலியும் வந்தன. சுளுக்கு என்று எண்ணெய் தடவி வழித்தோம். ஐந்தாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எலும்புக்குள் சீழ் பிடித்திருப்பதாக வைத்தியர் சொன்னார். அறுவைச் சிகிச்சை, வாரக்கணக்கில் ஊசி, இறந்துபோன எலும்புத் துண்டை அகற்ற மறுபடியும் ஓர் அறுவை. உயிர் தப்பியது. ஆனால் அந்தக் கால் அதன்பின் முழுதாக மடங்கவில்லை. அவன் மீண்டும் பந்தைத் தொடவுமில்லை.

ஒரு மயிர்க்காலில் தொடங்கியது எலும்புவரை போனது எப்படி என்ற கேள்வி நெடுநாள் என்னைத் தொடர்ந்தது. கலைப்பட்டதாரியான எனக்கு மருத்துவம் தெரியாது. வரலாறு கொஞ்சம் தெரியும். ஆகவே அந்த வழியாகவே விடையைத் தேடினேன்.

பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை

கட்டிக்குத் தமிழில் பெயர்களுக்குக் குறைவில்லை. கொப்புளம், பரு, வேனற்கட்டி, சிலந்தி என்று நீளும். பல கண்கள் வைத்து உடையும் பெருங்கட்டி பிளவை. நீரிழிவுக்காரரின் முதுகில் புறப்பட்டு உயிரையே வாங்கக்கூடியதை இராசபிளவை என்று நம் முன்னோர் அச்சத்தோடு அழைத்தார்கள். வடிவத்தையும் இடத்தையும் உற்றுக் கவனித்துப் பெயரிட்ட அவர்கள், காரணத்தை உடலின் சூட்டில் கண்டார்கள். இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. ஐரோப்பாவிலும் சீழுக்குக் காரணம் என்னவென்று அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தவர். அவருடைய 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது. புண்ணையும் கட்டியையும் எப்படி அறுப்பது, எப்படிக் கட்டுவது என்பதைத் தமிழ் மாணவன் தன் தாய்மொழியில் படிக்க முடிந்த காலம் அது. அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர், காயத்தில் சீழ் பிடிப்பதற்கு வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர்களே காரணம் என்றும், காபோலிக் அமிலத்தால் அதைத் தடுக்கலாம் என்றும் 'லான்செட்' இதழில் எழுதினார். தமிழில் அறுவை மருத்துவ நூல் வந்ததும், அறுவை மருத்துவத்தின் அடிப்படையே மாறத் தொடங்கியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. ஆனால் அந்த நுண்ணுயிர் எது என்பதை லிஸ்டரும் காட்டவில்லை.

திராட்சைக் குலை

அதைக் காட்டியவர் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை வைத்தியர் அலெக்ஸாண்டர் ஒக்ஸ்டன். ஓர் இளைஞனின் காலில் இருந்த சீழ்க்கட்டியைக் கீறி, அச்சீழை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். உருண்டையான நுண்ணுயிர்கள் குலைகுலையாகத் தெரிந்தன. வீட்டின் பின்புறம் சிறிய ஆய்வுக்கொட்டில் அமைத்து, புதிதாக இட்ட முட்டைகளுக்குள் அவற்றை வளர்த்தார். 1880 ஏப்ரலில் பேர்லினில் கூடிய அறுவை வைத்தியர் மாநாட்டில் தன் முடிவுகளை அறிவித்தார். அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஒருவர் ஆலோசனை சொல்ல, 1882இல் 'ஸ்டபிலோகொக்கஸ்' என்ற பெயர் பிறந்தது. திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 1884இல் ஜேர்மனியரான ரோசன்பாக், பொன்னிறத்தில் வளரும் இனத்துக்கு 'ஓரியஸ்' என்று பெயரிட்டார். கிறீன் காலமானதும் அதே 1884இல்தான்.

அதே 1880இல் பாரிஸில் லூயி பாஸ்டர் சீழ்க்கட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலும்பு மச்சையில் சீழ் பிடித்த ஒரு நோயாளியின் சீழிலும் கட்டிகளில் கண்ட அதே நுண்ணுயிரைக் கண்ட அவர், எலும்பு மச்சை அழற்சி என்பது எலும்புக்குள் வந்த கட்டியே என்று விளக்கினார். இதை முதன்முதலாகப் படித்த அன்று நூலகத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். என் நண்பனுக்கு நேர்ந்தது, அது நேர்வதற்கு 108 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே வசனத்தில் சொல்லப்பட்டிருந்தது.

சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும் என்று முன்வந்தவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் கரே. எலும்புச் சீழிலிருந்து தனியாக வளர்த்தெடுத்த ஸ்டபிலோகொக்கஸைத் தன் இடது முன்கையில் தேய்த்துக்கொண்டார். கத்தியால் கீறவில்லை, காயமில்லாத தோலில் தேய்த்தார், அவ்வளவே. நான்காம் நாள் பெரியதொரு பிளவையும் அதைச் சுற்றிப் பல கட்டிகளும் கிளம்பின. ஆற வாரங்கள் எடுத்தன. பதினேழு தழும்புகள் எஞ்சின. 1885இல் இதை வெளியிட்டார். எலும்பில் இருந்த கிருமி தோலில் கட்டியாக முளைத்ததைத் தன் உடலிலேயே காட்டிவிட்டார். பொக்ஹார்ட் என்ற ஜேர்மன் வைத்தியரும் இவ்வாறே தன் கையில் தேய்த்துப் பார்த்தார். மயிர்க்காலின் வாயில் தோன்றும் மேலோட்டமான சீழ்க்கொப்புளம் இன்றும் மருத்துவ நூல்களில் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

இந்தச் சோதனைகள் விளையாட்டு வீரருக்குச் சொல்லும் செய்தி மிகத் தெளிவானது. மயிர் முளைக்கும் சிறு குழி, தோலில் இயற்கையே வைத்த கதவு. அதைத் திறக்க உராய்வு போதும். முழங்காற் பட்டியும் வியர்வையில் ஊறிய சேட்டும் மழுங்கிய சவரக்கத்தியும் கரே தன் விரலால் செய்ததைத்தான் நாள்தோறும் செய்கின்றன. சூடு என்ற நம் பெரியோரின் சொல் முற்றிலும் பிழையுமல்ல. வெப்பமும் வியர்வையும் கிருமிக்கு வழி செய்கின்றன. ஆனால் வழி இருந்தால் மட்டும் விருந்தாளி வந்துவிடமாட்டான். அவன் வேறொருவரின் தோலிலிருந்தோ, துவாயிலிருந்தோ, அல்லது நம் சொந்த மூக்கிலிருந்தோ வர வேண்டும். சுகமாக இருக்கும் மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் இக்கிருமி எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது.

மயிர்க்காலோடு நின்றுவிட்டால் அது கொப்புளம். ஆழமாகப் போனால் கட்டி. பல கட்டிகள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தால் பிளவை. அழுத்திப் பிதுக்கும்போது சீழ் வெளியே மட்டும் வருவதில்லை. ஒரு பகுதி உள்ளேயும் தள்ளப்பட்டு இரத்தத்தில் கலக்கக்கூடும். வளரும் வயதில் நீண்ட எலும்புகளின் முனைக்கருகே இரத்த ஓட்டம் மந்தமாக இருப்பதால், இரத்தத்தில் வந்த கிருமி அங்கே தங்கிவிடுகிறது. பதினேழு வயதுப் பையனின் தொடையெலும்பு அதற்கு வாய்ப்பான இடம்.

ஜனாதிபதியின் மகன்

வறுமைப்பட்ட கடற்கரைக் கிராமத்துக்கே உரிய துன்பம் இது என்று எவரும் எண்ண வேண்டாம். 1924 ஜூன் 30 அன்று அமெரிக்க ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜின் பதினாறு வயது மகன், வெள்ளை மாளிகையின் டெனிஸ் மைதானத்தில் காலுறை அணியாமல் விளையாடினான். கால் விரலில் சப்பாத்து உராய்ந்து ஒரு கொப்புளம் உண்டாயிற்று. அதன் வழியே ஸ்டபிலோகொக்கஸ் இரத்தத்தில் கலந்தது. நாட்டின் தலைசிறந்த வைத்தியர்கள் சூழ்ந்திருந்தும், ஜூலை 7ஆம் திகதி அவன் இறந்தான். அன்று அவர்கள் கையில் மருந்து இருக்கவில்லை.

நான்கே ஆண்டுகளின் பின், 1928இல், இலண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் வளர்த்துவைத்திருந்த தட்டொன்றில் பூஞ்சணம் விழுந்து, சுற்றியிருந்த கிருமிகள் அழிந்துபோயின. அந்தத் தட்டில் இருந்தவையும் ஸ்டபிலோகொக்கஸ்தான். 1941இல் ஒக்ஸ்போர்ட்டில் ஒரு பொலிஸ்காரருக்கு முதன்முதலாகப் பெனிசிலின் ஏற்றப்பட்டது. அவர் தேறினார், மருந்து தீர்ந்துபோனதும் நோய் திரும்பி வந்து இறந்தார். பாதியில் நின்ற மருந்து என்ன செய்யும் என்பதற்கு அதுவே முதற் சான்று. பெனிசிலின் பரவலான சில ஆண்டுகளிலேயே கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. அதை வெல்ல மெதிசிலின் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் ஆஸ்பத்திரிகளுக்குள் உலாவிய அவ்வகை, 1990களில் வெளியே, நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களிடையே தோன்றத் தொடங்கியது.

உடைமாற்றும் அறைகள்

அதன் பின்னர் நடந்தவற்றை விளையாட்டுச் செய்தியாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பருவத்தில், அப்போது சென்ட் லூயிஸ் நகரைத் தளமாகக் கொண்டிருந்த ராம்ஸ் என்னும் அமெரிக்க உதைபந்தாட்ட அணியின் 58 வீரர்களில் 5 பேருக்கு, மருந்துக்கு அடங்காத ஸ்டபிலோகொக்கஸால் 8 சீழ்க்கட்டிகள் ஏற்பட்டன. அனைத்தும் செயற்கைப் புற்றரையில் விழுந்து தோல் உராய்ந்த இடங்களில் வந்தவை. கோடிக்கணக்கில் பணம் புரளும் அந்த அணியில் ஆய்வாளர்கள் கண்டது என்ன? வீரர்கள் மைதானத்தில் துவாய்களைப் பகிர்ந்துகொண்டார்கள். குளிக்காமலே பொதுச் சுழல்நீர்த் தொட்டியில் இறங்கினார்கள். காயங்களுக்கு மருந்து கட்டியவர்களுக்குக் கை கழுவ முறையான வசதி இருக்கவில்லை. 2005இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே 2003இல் கனெக்டிகட் மாநிலக் கல்லூரி அணியொன்றின் 100 வீரர்களில் 10 பேர் இவ்வாறே பாதிக்கப்பட்டார்கள். அங்கே புற்றரைச் சிராய்ப்போடு, அழகுக்காக உடல் மயிரை மழிப்பதும் காரணமாகச் சுட்டப்பட்டது.

எங்கள் வேலியில் உலர்ந்த பதினொரு சேட்டுகளையும் அந்தப் பணக்கார அணியின் உடைமாற்றும் அறையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வேறுபாடு சிறிது. கிருமிக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. ஒரே துவாயை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதே அதற்குக் கணக்கு.

எங்கள் கரையில்

ஆனாலும் எங்கள் கரைக்கென்று தனியான இடர்ப்பாடுகள் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டில் நன்னீர் என்பது மணலுக்குள், உப்பு நீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய படை. மிகுதியாக இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். உவர் நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. விளையாடி முடித்த பையன்கள் களப்பிலோ கடலிலோ விழுந்தெழுந்து, உப்பும் மணலுமாக வீட்டுக்குப் போகிறார்கள். நன்னீரில் சவர்க்காரமிட்டுக் குளித்துவிட்டுப் போங்கள் என்று ஊரிலுள்ளவனுக்குச் சொல்வது கொழும்பில் இருப்பவனுக்கு எளிது. எனினும் இரண்டு வாளி நல்ல தண்ணீரும் ஒரு சவர்க்காரக் கட்டியும் மைதானத்தோரம் வைக்க ஒரு கழகத்தால் முடியாதென்று நான் நினைக்கவில்லை.

வைத்தியர்கள் சொல்வதைத் தொகுத்துச் சொன்னால் இவ்வளவுதான். ஆளுக்கொரு துவாய், சவரக்கத்தியையும் முழங்காற் பட்டியையும் மாற்றிக்கொள்ளக் கூடாது, சேட்டை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும், சிராய்ப்பை உடனே கழுவி மூட வேண்டும். கட்டியைப் பிதுக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். ஆறாத கட்டியை வைத்தியர் கீறட்டும். மருந்து வேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கொடுத்தால் அவர் சொன்ன நாள்வரை முழுவதும் எடுக்க வேண்டும். கட்டியோடு, அல்லது கட்டி ஆறிய பின்னர், காய்ச்சலும் எலும்பு வலியும் வந்தால், எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் ஐந்து நாள் தாமதம்தான் ஒரு காலை வாங்கியது.

மறுநாள் காலை நண்பனின் வாடிக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்தான். மடங்காத கால் நேராக நீட்டியபடி இருந்தது. முந்திய நாள் மைதானத்தில் கண்டதையும், பாஸ்டர், கரே கதைகளையும் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அந்தாளுக்குப் பதினேழு தழும்பா மச்சான்? எனக்கு மூணுதான்" என்று சிரித்தான். பிறகு, "அந்தப் பொடியன்ட வாப்பாட்ட நான் சொல்லுறன். என்ட காலக் காட்டினாக் கேப்பான்" என்றான்.

அன்று பின்னேரமே தடியூன்றிக்கொண்டு போய்ச் சொல்லியும் இருக்கிறான். பையனை மறுநாள் வைத்தியரிடம் கூட்டிச் சென்றார்கள் என்று அறிந்தேன்.

பத்திரிகையில் பிழையான செய்தி வந்துவிட்டால் திருத்தம் வெளியிடுவது எங்கள் தொழில் மரபு. என் நண்பன் இன்றும் ஒரு பழைய கொப்பிக்குள் வைத்திருக்கும் அந்த இரண்டு வரிகளுக்கு இதுவரை திருத்தம் வெளிவரவில்லை. காலம் கடந்துதான், இங்கே பதிகிறேன்: 1988இல் அரையிறுதிப் போட்டியில் எங்கள் பின்கள வீரன் ஆடாமல் இருந்தமைக்குக் காரணம் சிறு கட்டி என எழுதியிருந்தேன். அது சிறியதன்று. சூட்டினால் மட்டும் வந்ததுமன்று. நாங்கள் பதினொரு பேரும் சேர்ந்து அவனுக்குக் கொடுத்தது அது.